வேலூரிலேயே தொண்டா, வெளிநாட்டு ஊழியப் பயணமா: எங்கள் சபை எதைச் செய்யலாம்?

கேள்வி: காட்பாடி வாலிபர் ஐக்கியச் செயலாளர்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு வணக்கம். காட்பாடிக்கு அருகில் உள்ள ஒரு குருசேகரத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருக்கிறேன். இந்த ஆண்டு அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் சிறப்புக் காணிக்கையிலும் சேர்ந்த தொகையில் 4,00,000 ரூபாயை ஊழியத்துக்கென்று கமிட்டி ஒதுக்கியிருக்கிறது. அதை எப்படிச் செலவிடுவது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒருமனம் ஏற்படவில்லை.

பத்து வாலிபரைப் பன்னிரண்டு நாள் நேபாளத்துக்கு அனுப்பலாம் என்கிறார்கள் ஒரு சாரார். அங்குள்ள சபை ஒன்று, சிறுவர்களுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தவும் மருத்துவ முகாமில் உதவவும் அழைத்திருக்கிறது. அந்தப் பணம் உள்ளூரிலேயே, வைத்தியத்துக்காக வேலூருக்கு வரும் வெளிமாநிலக் குடும்பங்களுக்குச் செலவாகட்டும் என்பது மற்றவர்களின் விருப்பம். என் மனம் இரண்டாவது பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மார்ச் மாதம் ஒரு விடியற்காலையில் காட்பாடி சந்திப்பில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். மகனைப் பிளாட்பாரத்தில் போர்வை விரித்துப் படுக்க வைத்துவிட்டு, எக்ஸ்ரே உறையின் மேல் எழுதியிருந்த முகவரியை எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அவர் பேசியது வங்காளம் என்பது மட்டும் விளங்கியது. ஆட்டோவில் ஏற்றிவிட்டேன், அதற்கு மேல் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அவர் மொழி தெரியவில்லை.

ஆனாலும், கடல் கடந்து வந்தவர்களின் உழைப்பால் வளர்ந்த இந்த ஊரில் இருந்துகொண்டு, வெளிநாட்டு ஊழியம் நமக்கு வேண்டாம் என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. இரண்டில் ஏதேனும் ஒன்றில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், சத்துவாச்சாரி

தம்பி, நேபாள மலைப்பகுதியில் ஒரு மருத்துவமனையில் நான்கு ஆண்டுகள் பணி செய்தவள் என்பதால் எழுதுகிறேன். போனவுடன் எங்களை வார்டுக்குள் விடவில்லை. முதல் சில மாதங்கள் மொழி வகுப்புத்தான். அப்போது அது எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது. அங்கே கருப்பை இறங்கிய நிலையில் பல ஆண்டுகளாகச் சுமை தூக்கிக்கொண்டிருந்த பெண்கள் பலர் வருவார்கள். மொழிபெயர்ப்பவர் ஆண் என்றால், "வயிற்று வலி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவர்கள் வாயிலிருந்து வராது. நான் தட்டுத்தடுமாறி அவர்கள் மொழியில் கேட்க ஆரம்பித்த பிறகே, ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார்.

ஒரு முறை வெளியிலிருந்து ஒரு குழு பத்து நாள் முகாமுக்கு வந்தது. நல்ல உள்ளம் படைத்தவர்கள். பெட்டி பெட்டியாக மருந்து கொண்டுவந்தார்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த மாதம் ஒரு பாட்டி இரண்டு நாள் நடந்து எங்களிடம் வந்து, காலியான மாத்திரை அட்டையை நீட்டி, "இது வேண்டும்" என்றார். அந்த மருந்து எங்களிடம் இல்லை. அவருக்கு என்ன அளவு இருந்தது, எதற்காகக் கொடுத்தார்கள் என்று ஒரு சீட்டும் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. ஆகவே, உங்களை அழைத்த சபையிடம், முகாம் முடிந்த மறுமாதம் அந்த நோயாளிகளை யார் பார்ப்பார்கள் என்று முதலில் கேளுங்கள்.

வேலூரில் செய்ய வேண்டியது ஏராளம். காந்தி ரோட்டுச் சந்துகளில் உள்ள லாட்ஜ்களில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து, தாங்களே சமைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு தாய் தரையில் விரித்த துணியில் மாத்திரைகளைக் கொட்டி, எது எப்போது என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தார். காகிதப் பொட்டலங்கள் செய்து, காலைக்கு உதிக்கும் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை என்று படம் வரைந்து, மருந்துக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துப் பிரித்துக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. அவர் அந்தப் பிறையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மற்றொரு பெரிய தேவை இரத்தம். அறுவைச் சிகிச்சை என்றதும் உறவினரை இரத்தம் கொடுக்கச் சொல்வார்கள். கணவனும் மனைவியுமாக மட்டும் ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்கள் யாரைத் தேடுவார்கள்? 18 வயது நிறைந்த, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, உடல்நலமுள்ள வாலிபர் பட்டியலொன்று உங்கள் ஐக்கியத்திடம் இருக்கட்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். யார் எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று குறித்துவைக்க ஒருவரை நியமியுங்கள். பட்டியல் இருந்தும் தேதி இல்லாததால் பயன்படாமல் போனதைக் கண்டிருக்கிறேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். படுக்கையில் இருப்பவரிடமும், அவர் பக்கத்தில் பயந்து உட்கார்ந்திருப்பவரிடமும் துண்டுப்பிரசுரத்தை நீட்டாதீர்கள். உதவியைப் பெற்றதற்காக அவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார். ஜெபிக்கச் சொல்லி அவர்களே கேட்டால் ஜெபியுங்கள்.

பதில் 2: கணக்காளர், இராணிப்பேட்டை

அம்மா எழுதியவற்றோடு சட்டம் சார்ந்த சில செய்திகளைச் சேர்க்கிறேன், ஏனெனில் பயணச் சீட்டு எடுத்த பிறகு இவை தெரியவந்தால் வருத்தமே மிஞ்சும்.

நேபாளத்துக்குச் செல்ல இந்தியருக்கு விசா தேவையில்லை என்பதால் பலர் அதை உள்ளூர்ப் பயணம்போல் நினைக்கிறார்கள். அந்நாட்டின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு மதமாற்றம் செய்விப்பதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டு முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டத் தொகுப்பில் அதற்கு ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற்றவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. சிறுவர்களைக் கூட்டி வேதாகமப் பள்ளி நடத்தப் பத்து அந்நியர் போய் நின்றால், உங்களுக்கு வரும் தொல்லையைவிட, நீங்கள் திரும்பிய பின் அந்த ஊர்ச் சபைக்கு வரும் தொல்லை பெரிது. நான் உங்கள் கமிட்டியில் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தத் திட்டத்தை எதிர்ப்பேன்.

அங்குள்ளவர்களோ, வேறு வெளிநாட்டு நண்பர்களோ செலவில் ஒரு பகுதியைத் தருவதாகச் சொன்னால், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சபைக் கணக்கில் அதை வாங்கக் கூடாது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பதிவு பெற்ற அமைப்பு ஒன்று அத்தகைய பணத்தை மற்றோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே "இன்னொரு சங்கத்தின் கணக்கு வழியாக வாங்கிக்கொள்ளலாம்" என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். செல்பவர்களில் அரசு ஊழியர் இருந்தால், அங்குள்ளவர்கள் தரும் தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் ஏற்பதற்கே மத்திய அரசின் முன் அனுமதி தேவைப்படும்.

பதில் 3: வரலாற்று ஆசிரியர், திருப்பத்தூர்

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால், இவற்றைப் படித்துவிட்டு, "நமக்கெதற்கு வெளிநாடு" என்று கமிட்டி முடிவு செய்துவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் நம் வட ஆற்காடுதான் பிறருக்கு வெளிநாடு. அமெரிக்க மிஷனெரிகளின் ஆற்காடு மிஷன் 1853இல் அமைந்தது. இராணிப்பேட்டை மருத்துவமனை 1866இல் தொடங்கியது. அந்த இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்து, பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர், மிஷனெரியாகும் எண்ணமே இல்லாமல், நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து சிறிது காலத்துக்கு வந்தவர். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்பதால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததை அவர் திண்டிவனத்தில் கண்டார். குறுகிய வருகை வீண் என்று நாம் சொல்லிவிட்டால், அந்த இரவுக்கு என்ன பதில் சொல்வோம்? ஆனால் அவர் உடனே ஊழியத்தில் குதிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திரும்பிச் சென்று மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, அதன் பிறகே வேலூருக்கு வந்தார்.

அனுப்புவது வெள்ளையருக்கு மட்டும் உரிய வேலையாகவும் இருந்ததில்லை. பாளையங்கோட்டையில் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், நம் மக்களின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனெரிகளின் தியாகத்தைப் போற்றிவிட்டு, "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டார். எங்கள் திருப்பத்தூரில் 1921இல் சவரிராயன் இயேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கி, மருத்துவர்களான இருவரும் ஒரே வாழ்க்கையைப் பகிர்ந்துகொண்டார்கள். அசரியா கேட்டதை நான் அங்கே காண்கிறேன்.

பத்துப் பேருக்குப் பதிலாக ஒருவரை அனுப்புங்கள். செவிலியரோ ஆய்வகப் பணியாளரோ ஆசிரியரோ, அங்குள்ளவர்களுக்குத் தேவையான தொழில் தெரிந்த ஒருவராக, முறையான பணி அனுமதியோடு, இரண்டு ஆண்டுகளுக்காவது. உங்கள் 4,00,000 ரூபாயில் ஒரு பகுதி அவருடைய மொழிப் படிப்புக்கும் இங்குள்ள பெற்றோரின் செலவுக்கும் போகட்டும்.

மீண்டும்: காட்பாடி வாலிபர் ஐக்கியச் செயலாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அச்செடுத்து ஞாயிறு ஆராதனைக்குப் பின் கமிட்டியில் வாசித்தேன். குற்றவியல் சட்டத்தைப் பற்றிய பகுதியை ஆயர் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். நேபாளப் பயணத்தை இந்த ஆண்டு நிறுத்திவைத்து, அழைத்த சபைக்குக் காரணத்தை விளக்கி, அவர்களுக்கு எத்தகைய ஆள் தேவை என்று கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். எங்கள் சபையில் செவிலியர் படிப்பை முடித்த சகோதரி ஒருவர், ஆராதனை முடிந்ததும் என்னிடம் தனியாக வந்து, நேபாளி கற்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார். அம்மா, அவர் உங்களை வந்து பார்க்கலாமா?

இரத்தப் பட்டியலில் இதுவரை 23 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலைகளில் வங்காளம் கற்றுக்கொள்ள ஆசிரியர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். வேலூரிலேயே குடியேறிவிட்ட வங்காளக் குடும்பம் எதையேனும் அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.