பிக்கப்புக்கு வீட்லயே பிரேக் பேட் மாத்தின அனுபவம் – ஸ்லைடு பின்னையும் பாருங்க

ஆழியாறு பிக்கப்:
பொள்ளாச்சியில இருந்து வால்பாறைக்கு மளிகை லோடு அடிக்கிற வண்டிங்க நம்மளது. ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு, ஏறும்போது இன்ஜினுக்கு வேலைன்னா இறங்கும்போது பிரேக்குக்கு வேலை, அதனால பேட் இத்தனை கிலோமீட்டர் வரும்னு கணக்கெல்லாம் இந்த ரூட்ல செல்லாது, கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். போன வாரம் இறங்கறப்ப முன்னாடி இடது பக்கம் கீச்சுனு ஒரே சத்தம். பேட் தேஞ்சா டிஸ்க்ல உரசி சத்தம் குடுக்கறதுக்குன்னே ஒரு சின்னத் தகடு வச்சிருப்பாங்க, அது கத்த ஆரம்பிச்சா தள்ளிப்போடவே கூடாதுங்க.

வீட்டு வாசல்ல சிமெண்ட் தரையில நிறுத்தி, பின் வீலுக்கு கல்லு அண்டக் குடுத்து, வண்டி தரையில நிக்கறப்பவே வீல் நட்டை லூஸ் பண்ணிட்டு அப்புறம் ஜாக்கி போட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி கையை உள்ள விடாதீங்க, சேஸிஸுக்கு அடியில ஸ்டாண்டு கண்டிப்பா வேணும். காலிப்பரை, அதாவது ரெண்டு பேடையும் டிஸ்க்கு மேல அழுத்தற பாகத்தைக் கழட்டினா கட்டுக்கம்பியில கட்டித் தொங்க விடுங்க, பிரேக் ஆயில் ஹோஸ்ல பாரம் இறங்கக் கூடாது.

வெளிப்பக்க பேட்ல பாதிக்கு மேல சரக்கு இருக்கு, உள்பக்க பேட் பின்னாடி இருக்கற இரும்புத் தகடு வரைக்கும் தேஞ்சு கிடக்கு. விஷயமே இதுலதாங்க. பிஸ்டன் நேரடியா தள்றது உள்பக்க பேடை, காலிப்பர் ரெண்டு ஸ்லைடு பின்னு மேல நகர்ந்து வந்தாத்தான் வெளிப்பக்க பேடும் டிஸ்க்கைப் பிடிக்கும். இங்க கீழ் பின்னோட ரப்பர் பூட் கிழிஞ்சு தண்ணி புகுந்து பின்னு துருப்பிடிச்சு இறுகிப்போய், முறுக்கி முறுக்கித்தான் வெளிய எடுத்தேன், பழுப்புச் சேறா கிரீஸ் வருது. பேடை மட்டும் மாத்தி மூடினா புது பேடும் இதே மாதிரிதான் தேயும். பட்டறையில டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "இன்னும் நிறைய இருக்கு"ன்னு அனுப்பிருவாங்க, ஏன்னா வீல் ஓட்டை வழியா தெரியறது வெளிப்பக்க பேட்தான். வீலைக் கழட்டி ரெண்டையும் பாக்கச் சொல்லிக் கேளுங்க.

புதுப் பின்னு, ரப்பர் பூட் வாங்கி, பிரேக்குக்குன்னு விக்கிற சிலிகான் கிரீஸ் தடவினேன், சாதா கிரீஸ் ரப்பரை ஊத வச்சிரும். பிஸ்டனை கிளாம்ப் போட்டு மெதுவா உள்ள தள்ளும்போது மேல பிரேக் ஆயில் டப்பாவை ஒரு கண்ணு பாத்துக்குங்க, நிரம்பி வழிஞ்சா பெயிண்டை அரிச்சிரும். வலது பக்கமும் சேத்துத்தான் மாத்தணும், ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பிரேக் பிடிக்கறப்ப வண்டி இழுக்கும். வண்டியை நகத்தறதுக்கு முன்னாடி பெடலை கட்டியா ஆகற வரைக்கும் மிதிங்க, முதல் மிதி தரை வரைக்கும் போகும், அப்படியே ரோட்டுக்கு எடுத்துட்டா அவ்வளவுதான்.

கேரட் லோடு:
அருமைங்ணா. கோத்தகிரி டு மேட்டுப்பாளையம் ஓட்றேன், என் அனுபவத்தையும் சொல்லிடறேன். செகண்ட்ஸ்ல எடுத்த வண்டி, பேட் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா லோடோட பாதி மலை இறங்கினதும் பெடல் பஞ்சாட்டம் உள்ள போகுது. ரெண்டாவது கியர்ல ஹேண்ட் பிரேக்கையும் சேத்து இழுத்து ஓரங்கட்டினேன், ஆறினதும் பெடல் பழையபடி வந்துருச்சு. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், டாட் 4ங்கற ரக ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும், ஈரம் ஏறிட்டா அந்த அளவு 155க்கு இறங்கிருது, அதைத் தாண்டி சூடானா கொதிச்சு குமிழி விட்ரும், அதான் பெடல் பஞ்சாட்டம் போகுது. டப்பாவைத் திறந்தா கருகருன்னு இருந்துச்சு. மொத்தமா மாத்தி, பிரேக் லைன்ல இருக்கற காத்தை வெளிய எடுத்த பிறகு இன்னைக்கு வரைக்கும் பெடல் இறங்கல. மலை வண்டின்னா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்திருங்க.

புதுசா ஓட்றவன்:
அண்ணா, பேட் மாத்தினதும் எனக்கு பிடியே கம்மியா இருக்கு, இது நார்மலா?

ஆழியாறு பிக்கப்:
தம்பி, பெடல் கட்டியா இருக்கான்னு முதல்ல பாருங்க, பஞ்சு மாதிரி இருந்தா காத்து புகுந்திருக்கு, ஓட்டாதீங்க. கட்டியா இருந்தா பேட் இன்னும் டிஸ்க்கோட ஒத்துப்போகலைன்னு அர்த்தம். லோடு இல்லாம காலி ரோட்ல 50ல போய் 10 வரைக்கும் நிதானமா பிரேக் பிடிங்க, சுத்தமா நிறுத்த வேண்டாம், நடுவுல கொஞ்ச தூரம் ஆற விட்டு திரும்பத் திரும்ப செய்ங்க. டிஸ்க்ல கிரீஸ் கை பட்டிருந்தா பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைக்கணும். இதெல்லாம் செஞ்சும் பிடி வரலைன்னா மலை ஏத்தாம மெக்கானிக்கிட்ட காட்டிருங்க.