பாபோ பொம்மை ஆய்வு: சமவாய்ப்பு எங்கே வருகிறது?

வணக்கம். தொலைதூரக் கல்வியில் உளவியல் முதலாண்டு படிக்கிறேன். ஆய்வு முறைகள் பாடத்தில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன், தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா குழுவினரின் 1961 பாபோ பொம்மை ஆய்வு, அதாவது பெரியவரின் வன்செயலைப் பார்த்துக் குழந்தைகளும் அப்படிச் செய்கிறார்களா என்று சோதித்த ஆய்வு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியின் 72 குழந்தைகள். 24 பேர், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை மரச்சுத்தியலால் அடித்து உதைப்பதைப் பார்த்தார்கள். 24 பேர் அமைதியாக விளையாடியவரைப் பார்த்தார்கள். மற்றவர்கள் யாரையும் பார்க்கவில்லை. பார்த்த நடத்தை சாரா மாறி (ஆய்வாளர் மாற்றிப் பார்ப்பது), குழந்தையின் வன்செயல் சார்ந்த மாறி (விளைவாக அளக்கப்படுவது). இதுவரை சரி.

அப்புறம்தான் குழப்பம். ஆசிரியரும் ஆய்வாளரும் குழந்தைகளின் முரட்டுத்தனத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு, ஒத்தவர்களை மூவர் மூவராகச் சேர்த்து, அந்த மூவரையும் சமவாய்ப்பு முறையில் (குலுக்கல் போல) ஆளுக்கொரு குழுவில் போட்டார்கள். அப்படியானால் இதைத் தனிக்குழு வடிவமைப்பு (ஒவ்வொரு குழுவிலும் வெவ்வேறு ஆட்கள்) என்று எழுதுவதா, இணைசேர்ந்த வடிவமைப்பு (ஒத்தவர்களைச் சேர்த்துக் குழுக்களுக்குப் பிரிப்பது) என்றா?

இன்னொன்று. குழுப் பிரிப்பில் சமவாய்ப்பு இருக்கிறது, ஆனால் குழந்தைகள் எல்லாரும் ஒரே பள்ளி. எனவே பார்த்த நடத்தைதான் வன்செயல் வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொல்லலாம், ஆனால் முடிவை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுமைப்படுத்த முடியாது என்பது என் புரிதல். எனக்கு இதுதான் முக்கியம், பாதி வினாக்கள் இதைச் சுற்றியே வருகின்றன. தவறென்றால் தயங்காமல் திருத்துங்கள். பாடம் நடத்துபவர்கள் யாராவது மாதிரி விடை ஒன்று போட்டால் பெரிய உதவி.