வெளியே நீட்டிய பலகைத் தரையின் அடியில் குளிர்காப்பு: எதைக் கொண்டு, எப்படிச் செய்வது?

கேள்வி (கந்தப்பளை, இலங்கை மலையகம்):
வணக்கம். சரிவில் கட்டிய எங்கள் வீட்டின் மேல்மாடி அறையொன்று, கீழ்ச் சுவரைத் தாண்டி ஏறக்குறைய மூன்றடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு அங்குலத் தீராந்திகளின் (தரையைத் தாங்கும் மரச் சட்டங்களின்) மேல் பலகை அடித்த தரை. அடியில் மூடல் எதுவும் இல்லை. அம்மாவின் கட்டில் அந்த இடத்தில்தான் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் காற்று வீசும்போது பலகை இடுக்கு வழியாக ஏறும் குளிர், விரித்த பாயின் ஓரத்தையே தூக்குகிறது. அடியில் ரெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) அடித்தால் போதுமா? கூரைக்கு வாங்கிய அலுமினியத் தாள் சுருளும் மிச்சம் இருக்கிறது. மூடிவிட்டால் மழைக்காலத்தில் மரம் உளுத்துப்போகுமோ என்றும் அஞ்சுகிறேன்.

பதில் (இராகலை, தச்சு வேலை):
தம்பி, முதலில் காற்றை நிறுத்துங்கள். ரெஜிபோம் அதற்குப் பிறகுதான். கீழ்ச் சுவரின் தலைப்பில், ஒரு தீராந்திக்கும் அடுத்ததற்கும் இடையே திறந்த பொந்து இருக்கும். வெளிக்காற்று அதன் வழியாக உள்வீட்டுத் தரையின் அடிவரை ஓடும். ஒவ்வொரு பொந்துக்கும் பலகைத் துண்டை அளவாக வெட்டி அடைத்து, சுற்றிலும் சிலிக்கன் பூசுங்கள். பலகை இடுக்குகளையும் அப்படியே அடைத்த பின், இரண்டு அங்குல ரெஜிபோமை தரைப்பலகையோடு ஒட்டி நிற்கும்படி மேலே அழுத்தி வையுங்கள். இடையில் காற்று ஓட வழி இருந்தால், எவ்வளவு தடிப்பான அட்டை போட்டாலும் பயன் இராது. அட்டையை அரை அங்குலம் சிறிதாக வெட்டி, ஓரத்தை ஸ்பிரே போம் கொண்டு நிரப்புவது நல்லது. ரப்பர் கம் பூச வேண்டாம், அது ரெஜிபோமைக் கரைத்துவிடும்.

பதில் (ஹட்டன், மின் வேலை):
அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தத் தரையடியில் வயர் ஓடினால், அதைக் குழாய்க்குள் போட்ட பின்னரே ரெஜிபோம் வையுங்கள். இரண்டும் நெடுங்காலம் தொட்டுக்கொண்டிருந்தால் வயரின் பிவிசி உறை மென்மை இழந்து வெடிக்கும்.

அலுமினியத் தாளைக் கூரைக்கே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பளபளப்பு முகத்துக்கு முன்னால் அசையாத காற்றிடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். அடியில் குளிர்ந்த பக்கத்தில் அடித்தால், அறையிலிருந்து இறங்கும் ஈரம் அதில் நீராகப் படியும். அறை 20 பாகை செல்சியஸும் ஈரப்பதன் 80 சதவீதமுமாக இருந்தால், ஏறக்குறைய 16 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். நம் மலையில் தை மாத இரவுகள் அதைவிட எவ்வளவோ குளிர்ந்தவை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சுவர்த் தலைப்பின் பொந்துகளைப் பார்த்தேன். அங்குள்ள ஒட்டடையே காற்றில் ஆடுகிறது. அடிப்பக்கத்தை எதனால் மூடுவது, எந்த மாதத்தில் செய்வது?

பதில் (இராகலை, தச்சு வேலை):
சீமெந்து நார் அட்டை போடுங்கள். மெல்லிய பிளைவூட் நம் மூடுபனியில் பிரிந்துவிடும். அட்டைக்கும் ரெஜிபோமுக்கும் இடையே கிடைக்கும் வெறுமையின் இரு முனைகளிலும் சிறு துளை விட்டு, எலி நுழையாதபடி நெருக்கமான கம்பி வலை அடியுங்கள். அந்தத் துளைகளால் மரம் உலரும். மேலே காற்றை அடைத்துவிட்டதால் குளிர் ஏறாது. வெளி ஓரத்தில் பலகையொன்றை அட்டையைவிட ஓர் அங்குலம் கீழே தொங்கவிட்டால், சுவரில் வழியும் மழைநீர் உள்ளே திரும்பாமல் அங்கேயே சொட்டிவிடும். மாசி, பங்குனியில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது கறையான் மருந்து பூசி, வைகாசி மழைக்கு முன் மூடிவிடுங்கள். ஈர மரத்தை மட்டும் மூடாதீர்கள்.