எச்.எஸ்.எஸ். கிட்டாரில் பிரிட்ஜ் ஹம்பக்கரை மாற்றுவது: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

கேட்டவர்: மூன்றாம்ஃப்ரெட்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவிலான, விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று இருக்கிறது. தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப்புகளில், நெக் பக்கத்திலும் நடுவிலும் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில்களும், தந்திகளின் அடிமுனையான பிரிட்ஜ் பக்கத்தில் இரட்டைச் சுருள் கொண்ட ஒரு ஹம்பக்கரும் உள்ளன; இந்த அமைப்பைத்தான் எச்.எஸ்.எஸ். என்கிறார்கள். ஆறு ஆண்டுகளாக வாசித்து அதன் கழுத்து என் கைக்குப் பழகிவிட்டதால் புதிய கிட்டார் வாங்கும் எண்ணம் இல்லை. ஆனால் டிஸ்டார்ஷனைச் சற்றுக் கூட்டி, தடித்த தந்திகளில் ஒரு கார்டு வாசித்தால், சுரங்கள் தனித்தனியாகக் கேட்காமல் கூழாகிவிடுகின்றன. ஆகவே பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் மாற்றலாம் என்று நினைக்கிறேன். இப்போதுள்ளதை மல்டிமீட்டரில் அளந்தபோது 14 கிலோ ஓம் காட்டியது. அதைவிட அதிக கிலோ ஓம் உள்ளதை வாங்கினால் ஒலி வலுவாகவும் தெளிவாகவும் வருமா? பிக்கப்பின் காந்தம் அல்னிகோ என்றால் நல்லதா, செராமிக் என்றால் நல்லதா? சால்டரிங் ஓரளவு தெரியும். கிட்டாரில் மட்டும் இதுவரை செய்ததில்லை.

பதில்: சுருள்சுற்றி

நண்பரே, பணம் செலவழிக்கும் முன் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்து, இப்போதுள்ள பிக்கப்பை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே இறக்கிக் கேட்டுப் பாருங்கள். தந்திக்கு மிக அருகில் வைத்த வலுவான பிக்கப்தான் பல கிட்டார்களில் இந்தக் கூழுக்குக் காரணம். அப்படியும் தெளிவு வராவிட்டால் மாற்றுவதில் தவறில்லை.

கிலோ ஓமை வைத்து ஒலியை எடைபோடுவதுதான் இத்துறையில் மிகப் பரவலான தவறு. அந்த எண் சுருளில் உள்ள செம்புக் கம்பியின் மின்தடையை மட்டுமே சொல்கிறது. அதே எண்ணிக்கையிலான சுற்றுகளை இன்னும் மெல்லிய கம்பியில் சுற்றினால் தடை கூடும். ஒலியின் வலு அதே விகிதத்தில் கூடிவிடாது. ஒரே வகைக் கம்பியில் சுற்றுகள் கூடினால் வலு கூடுவது உண்மைதான். ஆனால் கூடவே உச்ச அதிர்வெண்கள் மங்கி, நடுப்பகுதி தடித்துவிடும். உங்கள் குறையே அந்தத் தடிப்புதான் என்னும்போது 14க்கு மேல் போவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போலாகும்.

காந்தத்தைப் பொறுத்தவரை, அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை இரும்புடன் சேர்ந்த கலவை. அல்னிகோ 2 மென்மையாகவும், அல்னிகோ 5 சற்று இறுக்கமாகவும், செராமிக் கூர்மையாகவும் ஒலிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சுருளை விட்டுவிட்டுக் காந்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. விலை குறைந்த கிட்டார்களில் செராமிக் வருவது அது மலிவானது என்பதால்; மோசமானது என்பதால் அல்ல.

கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்து, 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரின் வழிவந்த மிதமான பிக்கப்புகளைப் பாருங்கள். விண்ணப்பித்தாயிற்று என்று அடியில் ஒட்டிய சீட்டிலிருந்து வந்த பெயர்தான் 'பி.ஏ.எஃப்.'. இந்த வகையில் சீமோர் டங்கனின் '59, டிமார்சியோவின் பி.ஏ.எஃப். ப்ரோ இரண்டுமே எட்டு கிலோ ஓமை ஒட்டியவை, இரண்டிலும் அல்னிகோ 5தான். உங்கள் தேவைக்கு நான் இரண்டாவதை எடுப்பேன்.

வாங்குமுன் தந்திகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிக்கப் இருக்கும் இடத்தில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே 51 மி.மீ. அளவு இருந்தால் டிமார்சியோவில் 'எஃப்-ஸ்பேஸ்டு' என்று கேட்க வேண்டும். சாதாரண வகை 48 மி.மீ. அளவுதான். அத்துடன் நான்கு கம்பிகள் உள்ளதையே வாங்குங்கள். காரணம் பிறகு புரியும்.

பதில்: ஈயப்புகை

தேர்வைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். பொருத்தும் வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். எதையும் பிரிக்கும் முன் உள்ளே இருக்கும் இணைப்புகளைப் பல கோணங்களில் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிக்கப்பின் கம்பிகளை மட்டும் கழற்ற வேண்டும். பிரிட்ஜின் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டிலிருந்து வரும் ஒற்றைக் கம்பியைத் தொடவே வேண்டாம். தந்திகளை கிரவுண்டுடன் இணைப்பது அதுதான். அது அறுந்தால் நீங்கள் தந்தியைத் தொடும்போது குறைய வேண்டிய இரைச்சல் குறையாது.

வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள 'பாட்' என்னும் மாறுதடையின் முதுகில் ஈயம் வைப்பதுதான் புதியவர்கள் தடுமாறும் இடம். அந்தத் தகடு சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் சிறிய 15 வாட் அயர்னை நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தால் உள்ளே உள்ள கார்பன் தடம் கெட்டுப்போகும். 40 வாட் அயர்ன், அகன்ற முனை, முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தல், சில வினாடிகளில் வேலையை முடித்தல் என்பதே என் வழக்கம். ஈயம் பளபளப்பாக, விளிம்பில் படர்ந்து நிற்க வேண்டும். உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை என்று பொருள்.

வால்யூம் பாட் 250 கிலோ ஓம் என்றால், ஹம்பக்கருக்காக அதை 500க்கு மாற்றுங்கள். சிங்கிள் காயில்கள் சற்றுக் கூர்மையாகிவிடும். டோனைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும். தந்திகளை மாட்டும் முன் கேபிளைச் செருகி, ஆம்ப்பின் ஒலியைக் குறைத்து, ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு சுருளின் மேலும் மெல்லத் தட்டிப் பாருங்கள். இரண்டு சுருள்களிலும் சத்தம் கேட்க வேண்டும்.

மூன்றாம்ஃப்ரெட்

இருவருக்கும் நன்றி. பி.ஏ.எஃப். ப்ரோ எஃப்-ஸ்பேஸ்டு வாங்கி நேற்றிரவு பொருத்தினேன். மல்டிமீட்டரில் 8.4 கிலோ ஓம் காட்டுகிறது. தட்டினால் இரண்டு சுருள்களும் பேசுகின்றன. ஆனால் ஒலி தகரப் பெட்டியில் வாசிப்பதுபோல் மெலிந்திருக்கிறது. இரைச்சலோ பழைய சிங்கிள் காயிலைவிட அதிகம். '59க்கான வரைபடத்தை முன்பே சேமித்து வைத்திருந்ததால் அதைப் பார்த்தே கறுப்பை ஸ்விட்சுக்கும், பச்சையைக் கிரவுண்டுக்கும் கொடுத்து, சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக முறுக்கினேன். பிக்கப்பே பழுதா?

பதில்: சுருள்சுற்றி

பிக்கப் நலமாக இருக்கிறது. வரைபடம்தான் வேறு நிறுவனத்துடையது. டங்கனில் கறுப்பும் வெள்ளையும் ஒரு சுருள், சிவப்பும் பச்சையும் மற்றொன்று. டிமார்சியோவில் சிவப்பும் கறுப்பும் ஒரு சுருள், பச்சையும் வெள்ளையும் மற்றொன்று. உங்கள் இணைப்பில் ஒரு சுருள் தலைகீழாகிவிட்டது. ஹம்பக்கரில் இரு சுருள்களின் காந்த முனைகளும் சுற்றுத் திசையும் எதிரெதிராக இருப்பதால்தான் தந்தியின் ஒலி கூடி, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கழிகிறது. ஒரு சுருளைத் திருப்பினால் கணக்கு மாறி, ஒலி கழிந்து இரைச்சல் கூடும். எந்தத் திசையில் இணைத்தாலும் தொடரில் உள்ள மின்தடை ஒன்றே என்பதால் மல்டிமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. சிவப்பை ஸ்விட்சுக்குக் கொடுங்கள்; கறுப்பையும் வெள்ளையையும் இணைத்து, மேலே உறை போடுங்கள்; பச்சையும் உறையில்லாக் கம்பியும் கிரவுண்டுக்குப் போகட்டும்.

மூன்றாம்ஃப்ரெட்

சரியாகிவிட்டது, மிக்க நன்றி. தடித்த தந்திகளில் ஐந்தாம் சுரம் இப்போது தனியாகக் கேட்கிறது. ஸ்விட்சின் இரண்டாம் நிலையில், அதாவது நடுப் பிக்கப்புடன் சேர்த்து வாசிக்கும்போது மட்டும், ஒலி மூக்கால் பாடுவதுபோல் இருக்கிறது.

பதில்: ஈயப்புகை

தனித்தனியாக நன்றாக ஒலித்துச் சேரும்போது மெலிந்தால், இரண்டு பிக்கப்புகளும் எதிர்க் கட்டத்தில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றொன்றின் அலை இறங்குகிறது. சிவப்பையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள்; உறையில்லாக் கம்பியை மட்டும் கிரவுண்டிலேயே விட்டுவிடுங்கள். நான்கு கம்பி உள்ளதை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். வலைப்பின்னல் உறைக்குள் ஒரே கம்பி வரும் பிக்கப்பாக இருந்தால் இப்படித் திருப்பும்போது வெளி உறையும் உலோக மூடியும் ஒலிப்பாதையில் வந்து, கை பட்டாலே இரையத் தொடங்கியிருக்கும்.