குடும்ப மருத்துவர் பீடியைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

குடியாத்தத்துக்காரன்:
கைலி நெய்து ஓய்ந்த என் தந்தைக்கு 64 வயது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. இருபது ஆண்டுகளாக ஒரே மருத்துவரிடம்தான் காட்டுகிறோம். கைராசிக்காரர், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சென்ற மாதம், அப்பாவின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பீடிக்கட்டைத் தம் விரலாலேயே ஒதுக்கிவிட்டு ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர், அதைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல் மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தார். நடை, உப்பு, புகை குறித்துப் பேசுவது தம் வேலையன்று என்று மருத்துவர்கள் கருதுகிறார்களா?

காட்பாடி மருத்துவர்:
வேலையன்று என்று எங்களில் எவரும் சொல்ல மாட்டோம். சொன்னால் கேட்கவா போகிறார்கள் என்ற சலிப்புதான். வெளியே கூட்டம் காத்திருக்க, ஊசி போடாமல் அறிவுரை கூறினால் முகம் சுளிப்பவர்களும் உண்டு. (நானே முன்பு சிகரெட் பிடித்தவன், அப்போது இந்தப் பேச்சை எடுக்கவே நாக்கு கூசியது.) என் எண்ணத்தை மாற்றியது, 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த லண்டன் ஆய்வு. குடும்ப மருத்துவர்கள் ஓரிரு நிமிடம் எடுத்துச் சொல்லி, துண்டறிக்கை கொடுத்து, பின்னர் விசாரிப்போம் என்றும் கூறிய குழுவில், 5.1 விழுக்காட்டினர் முதல் மாதத்திலேயே புகையை விட்டு, ஓராண்டு கழித்தும் அதைத் தொடாமல் இருந்தனர். எதுவும் சொல்லாத குழுவில் 0.3 விழுக்காடுதான். 100க்கு 5 அற்பமாகத் தோன்றும். எங்கள் கண்ணில் படுவது விடாத 95 பேர்தான். விட்டவர் அதைச் சொல்வதற்கென்று வருவதில்லை. அடுத்த முறை பீடிக்கட்டை நீங்களே எடுத்து மேசைமேல் வையுங்கள்.

பேரணாம்பட்டு தன்னார்வலர்:
மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு வீடாகச் செல்கிறேன். நாளைக்கு 5 கிராம் உப்பு என்றால் விளங்காது. ஒருவருக்கு ஒரு தேக்கரண்டிக்குள், ஊறுகாயும் கருவாடும் அதில் அடக்கம் என்றால் விளங்கும். பீடிதான் கடினம். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் பெண்ணிடம், உன் கணவரிடம் பீடியை விடச் சொல் என்று எப்படிச் சொல்வது? மீறிச் சொன்னால், "டாக்டரே ஒன்றும் சொல்லவில்லையே, நீ என்னம்மா சொல்ல வந்தாய்?" என்கிறார்கள்.

குடியாத்தத்துக்காரன்:
நன்றி ஐயா, நன்றி அம்மா. மேசைமேல் வைத்தால் அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிடுவார். ஆகவே வியாழக்கிழமை மருத்துவரை முன்கூட்டியே தனியாகப் பார்த்து, நாளைக்கு எத்தனை பீடி என்று மட்டும் கேளுங்கள், அடுத்த மாதமும் மறவாமல் கேளுங்கள் என்று சொல்லி வைக்கிறேன்.