புதுப்பிப்பு: ஆய்வு முறையியல் காணொலிகள் – சுங்கை சிப்புட்டிலிருந்து

தாதிமைப் படிப்பில் இருக்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் மருத்துவ ஆய்வு முறையியலைக் கற்க எந்தக் காணொலிகளில் தொடங்கலாம் என்று முன்பு இந்த இழையில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பரிந்துரைத்தவற்றுள் ஜோஷ் ஸ்டார்மரின் யூடியூப் ஒளிவழியான ஸ்டாட்குவெஸ்ட்தான் புள்ளியியலுக்குப் பெரிதும் கைகொடுத்தது. ஆயினும், காணொலியை நிறுத்தி நிறுத்தி, நம் ஊர்க் கணக்கு ஒன்றைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகே பாடம் மனத்தில் பதிந்தது. செம்பனைக் குலை அறுக்கும் 100 பேரில் 60 பேருக்கும், அலுவலகத்தில் இருக்கும் 100 பேரில் 30 பேருக்கும் முதுகுவலி என்று வைத்துக்கொண்டால், ஒரு குழுவில் நோய் வரும் வாய்ப்பை மற்றக் குழுவின் வாய்ப்பால் வகுக்கும் இடர் விகிதம் (60/100 ÷ 30/100) 2. ஆனால் வலி உள்ளோரை வலி இல்லாதோரால் வகுத்து, அந்த 60/40 என்பதை 30/70 ஆல் வகுத்துக் கிடைக்கும் ஆட்ஸ் விகிதமோ (odds ratio) 3.5. பரவலாகக் காணப்படும் நோயில் இந்த 3.5-ஐ 'மூன்றரை மடங்கு ஆபத்து' என்று படித்துவிடக் கூடாது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொண்டது எனக்குப் பெருமகிழ்ச்சி.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் இலவசமாக வழங்கும் மருத்துவ ஆய்வுப் பாடம் ஆழமானது. ஆனால் தொடக்க நிலையினருக்குக் கனமானது. அதில் வரும் நெறிமுறைப் பகுதி அமெரிக்கச் சட்டத்தை ஒட்டியது என்பதால், மலேசியச் சுகாதார அமைச்சின் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ ஆய்வு செய்வோர் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற வேண்டும் என்பதைத் தனியே சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அடுத்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் பயிற்சிக் காணொலிகளைப் பார்க்கவிருக்கிறோம். தமிழில் விளக்கும் நல்ல காணொலிகள் தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள்.