மறு: அன்ரேவல் – ‘சிதைதல்’ பொருந்துமா?

வணக்கம்.

பின்னல் பிரிவதைச் சொல்லும் ‘அன்ரேவல்’ (unravel) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம் என்ற பட்டியலில் ‘சிதைதல்’ என்று போட்டிருப்பதை எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். சிதைந்ததில் மிஞ்சுவது துண்டும் தூளும்தான். அன்ரேவல் ஆன துணியிலோ நூல் முழுசாகக் கையில் இருக்கும். போனது பின்னல் மட்டும். தவிர, பாடநூல்களில் ‘கதிரியக்கச் சிதைவு’ என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை கொடுத்தாயிற்று. ‘பின்னலின்மை’ என்ற பரிந்துரையும் எனக்கு ஒட்டவில்லை. அது ஒரு நிலையைச் சொல்கிறது, நடப்பதைச் சொல்லவில்லை.

சாக்கு மூட்டையின் வாயில் போடும் சங்கிலித் தையலை நினைத்துப் பாருங்கள். தவறான முனையை இழுத்தால் இறுகிக்கொள்ளும், அப்புறம் கத்தரிக்கோல்தான் கதி. சரியான முனை அகப்பட்டால் ஒரே இழுப்பு. சரசரவென்று கடைசிவரை பிரிந்து, நூல் நெளிநெளியாகக் கையோடு வரும். ஒரு கண்ணி, அதாவது நூல் வளையம், விட்டால் அது பிடித்திருந்த கண்ணியும் விடும். இந்த ஓட்டம்தான் சொல்லின் உயிர். வெறும் ‘பிரிதல்’ போட்டால் அது வராது.

பின்னலாடையிலும் இதே கதைதான், கண்ணிக்குள் கண்ணியாக நூல் நுழைந்து நிற்கிறது. ஆகவே ‘கண்ணி கழலல்’ என்கிறேன். வளையல் கழலும், நட்டு கழலும். நாமே செய்தால் கழற்றுவோம். தன்வினைக்கும் பிறவினைக்கும் ஆங்கிலம் ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு திண்டாடுகிறது, நமக்கு அந்தக் கவலை இல்லை.

நெய்த துணி வேறு. பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் தனித்தனி இழைகள். வெட்டிய ஓரத்தில் பிசிறு தட்டும், துணி முழுக்க ஓடாது. அங்கே ‘இழை பிரிதல்’ போதும். கயிறென்றால் ‘புரி பிரிதல்’.

உருவகப் பொருளை ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம். மர்மம் என்றால் முடிச்சு அவிழ்ந்தது. திட்டம் என்றால் குலைந்தது. முதலாவது நல்ல சேதி, இரண்டாவது கெட்ட சேதி.

இன்னொன்று: ‘அன்’ என்ற முன்னொட்டைப் பார்த்து எதிர்மறை தேடாதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘ரேவல்’ என்ற சொல்லுக்கே சிக்காவது, சிக்கெடுப்பது என்று இரண்டு பொருளும் உண்டு. முன்னொட்டு அங்கே எதையும் புரட்டிப் போடவில்லை.

சரி, ஒரு சந்தேகம். சேர்த்து எழுதினால் ‘கண்ணிகழலல்’ நாக்கிலேயே சிக்குகிறது. பிரித்தே எழுதலாமா?